ஹை ஹீல்ஸ்: மினுக்கை மட்டும் பார்க்காதீங்க!

சாரல் காலத்தில் குற்றாலம் பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்குப் போட்டோ எடுக்க வருபவர்களில் சிலர், கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கிய கல் பதித்த ஹீல்ஸோடு இறங்குகிறார்கள். அழகுதான், வரப்பில் கால் வைத்தால்தான் சங்கதி தெரியும்.

1. கடை மேசையில் செருப்பை வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். அங்கேயே ஆடினால், காலில் இன்னும் ஆடும்.

2. பின்பக்கமிருந்து பாருங்கள். ஹீல் சாயாமல், குதிகாலின் நடுவுக்கு நேர்கீழே நிற்க வேண்டும். பிறகு இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடம் வளையலாம். நடுப்பகுதி வளைந்தால் உள்ளே பலமில்லை. எத்தனை ஆயிரம் விலை போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

3. சாயங்காலம் வாங்குங்கள். அப்போது கால் சற்று வீங்கியிருக்கும்; காலையில் பொருந்தியது இரவு விருந்தில் கடிக்கும்.

4. கல், மணிகளை நகத்தால் நிரடிப் பாருங்கள். அரைகுறையாக ஒட்டியவை சாரலில் நனைந்தால் உதிரும்.

5. வயலுக்குப் பென்சில் ஹீல் வேண்டாம். மொத்த எடையும் சின்ன முனையில் இறங்குவதால் ஈரமண்ணில் புதையும். அடி முழுக்கத் தரையில் பதியும் வெட்ஜ் நல்லது. செடிக்குள் நின்றால் படத்தில் கால் தெரியவே போவதில்லை, ரப்பர் செருப்பே போதும்!

6. குற்றால அருவிக்கரையில் எந்த ஹீல்ஸும் கூடாது. பாசிக் கல் வழுக்கும்.

7. நனைந்த ஹீல்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். கடும் வெயில் பட்டால் பசை விட்டுவிடும்.