ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயரின் அகலம்

ஒரு கார் நேரான சாலையில் விரைந்தோட எஞ்சினின் ஆற்றல் போதும். வளைவில் அது தடம் தவறாது திரும்புவதோ, நான்கு டயர்களும் தரையைத் தொடும் நான்கு சிறு பரப்புகளைப் பொறுத்தது. அப்பரப்பு ஒவ்வொன்றும் விரித்த கையளவே இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவோரிற் பலர், பின்புறத்தில் எவ்வளவு அகன்ற டயரைப் பொருத்துகிறோமோ அவ்வளவுக்குக் கார் உறுதியாக நிற்கும் என எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் ஓரளவே உண்மையாகும். பின் டயரின் அகலத்தைத் தனியே முடிவு செய்தல் இயலாது. முன் டயரோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

நழுவு கோணம்

டயர் ரப்பரால் ஆனது. ஆதலின் பக்கவாட்டில் விசை தாக்கும்போது அது நெளிகிறது. இதன் விளைவாக, வளைவில் செல்லும் சக்கரம் தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை; சிறிது விலகியே செல்கிறது. இவ்விரு திசைகளுக்கும் இடையேயுள்ள கோணத்தை நழுவு கோணம் என்பர்.

முன் டயர்களின் நழுவு கோணம் பெரிதாயின், கார் வளைவின் வெளிப்புறம் நோக்கி அகன்று செல்ல முற்படும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைச் சற்று மிகுதியாகத் திருப்பி, வேகத்தையும் குறைத்தால் கார் வழிக்கு வந்துவிடும். பின் டயர்களின் நழுவு கோணம் பெரிதாயின் நிலைமை வேறு. காரின் பின்பகுதி வெளியே வீசப்படும். கார் நாம் விரும்பியதைவிடக் குறுகலாகத் திரும்பும். வளைவு குறுகவே பக்க விசை மேலும் பெருகும், நழுவலும் வளரும். முடிவில் கார் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சாலையை விட்டு விலகிவிடக்கூடும். சாலையில் ஓடும் கார்களை, முன்புறம் சிறிது மிகுதியாக நழுவுமாறு அமைப்பதன் காரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

ஜெர்மனியில் 1964-ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய போர்ஷே 911 காரில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருந்தது. ஆகவே எடையில் 60 சதவீத அளவு பின்சக்கரங்களின்மீதே விழுந்தது. எனினும் நான்கு சக்கரங்களிலும் 165 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே வகை டயர்களே பொருத்தப்பட்டிருந்தன.

இக்காரின் எடை ஏறத்தாழ 1,080 கிலோகிராம். இது 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அப்பொழுது தேவைப்படும் பக்க விசை சுமார் 612 கிலோகிராம் எடைக்குச் சமம். இதில் முன் டயர்கள் தரவேண்டியது 245. பின் டயர்கள் தரவேண்டியது 367. அஃதாவது பின் டயர்களின் பொறுப்பு ஒன்றரை மடங்கு.

சுமை ஒன்றரை மடங்கானால் டயரின் பிடிப்பும் ஒன்றரை மடங்காகிவிடாதா என வினவலாம். ஆகாது. சுமை பெருகும் விகிதத்தில் பிடிப்பு பெருகுவதில்லை. சற்றுக் குறைவாகவே பெருகும். விளக்கத்திற்காக, முன் டயர் இணை ஒரு பாகை நழுவலுக்கு 100 கிலோகிராம் விசையும், பின் இணை 130 கிலோகிராம் விசையும் தருவதாகக் கொள்வோம். முன்புற நழுவு கோணம் 2.4 பாகைக்குச் சற்று மேல், பின்புறம் 2.8 பாகை. பின்பகுதியே மிகுதியாக நழுவும். பின்புறம் அகன்ற டயரிட்டு, அதன் பக்க உறுதியை 160 கிலோகிராமாக உயர்த்தினால், கோணம் 2.3 பாகையாகக் குறையும். காரின் இயல்பே மாறிவிடுகிறது.

அந்நிறுவனத்தாரும் படிப்படியாக இவ்வழிக்கே வந்தனர். முதலில், 1969-ஆம் ஆண்டு மாதிரியில் சக்கர அச்சுகளின் இடைத்தூரத்தை 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268 ஆக நீட்டினர். பின்னர் 1972-இல் வெளியான கரேரா ஆர்.எஸ். 2.7 வகையில், முன்னால் 6 அங்குல ரிம்மில் 185/70 டயரும், பின்னால் 7 அங்குல ரிம்மில் 215/60 டயரும் பொருத்தினர்.

இவ்வெண்களில் ஒரு நுட்பம் உளது. முதலெண் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். இரண்டாவது எண், டயரின் பக்கச் சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கும். 185-இல் 70 சதவீதம் 129.5, 215-இல் 60 சதவீதம் 129. எனவே அகலம் 30 மில்லிமீட்டர் கூடியும் சக்கரத்தின் மொத்த விட்டம் மாறவில்லை. வேகமானியின் அளவும் கியர் விகிதத்தின் பயனும் முன்போலவே நின்றன.

அகன்ற டயர் உதவுவது எங்ஙனம்?

அகன்ற டயர் தரையில் மிகுதியான பரப்பைத் தொடுகிறது என்பது பொதுவான கருத்து. தொடும் பரப்பு பெரும்பாலும் சுமையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. மேற்கண்ட காரில் ஒரு பின்சக்கரத்தின் சுமை 324 கிலோகிராம். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராமாயின், பரப்பு ஏறத்தாழ 162 சதுர சென்டிமீட்டர். அப்பரப்பின் அகலம் 12 சென்டிமீட்டராயின் நீளம் 13.5, அகலம் 15 ஆயின் நீளம் 10.8. மாறுவது பெரும்பாலும் வடிவமே. குட்டையாகவும் அகலமாகவும் உள்ள பரப்பு பக்கவாட்டில் எளிதில் நெளிவதில்லை. உராய்வால் எழும் வெப்பமும் மிகுதியான ரப்பரில் பரவுகிறது.

அளவு மீறினால்

முதலாவதாக, பின்புறப் பிடிப்பு மிஞ்சினால் முன்சக்கரங்கள் தோற்றுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் திரும்பத் தயங்கும். இரண்டாவதாக, மழைநீர் தேங்கிய சாலையில் அகன்ற டயர் நீரை விரைவில் ஒதுக்கமாட்டாது நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். பிடிப்பு அறவே நீங்கிவிடுமாதலின் இது பேராபத்தாகும். மூன்றாவதாக, ரிம்மை மாற்றாது டயரை மட்டும் அகலமாக்கினால் பக்கச் சுவர் உட்புறம் வளைந்து டயர் மேலும் நெளியும். கருதிய பயன் கிட்டாது.

எஞ்சின் முன்னால் உள்ள கார்களுக்கு இவ்வேறுபாடு தேவைப்படாமலும் போகலாம். 2012-இல் வெளிவந்த டொயோட்டா ஜிடி86 காரில் எடையின் 53 சதவீதம் முன்புறத்தில் இருந்தது. பின்சக்கரங்களே அதனை இயக்கினும், நான்கிலும் 215 மில்லிமீட்டர் டயர்களே பொருத்தப்பட்டன.

டயர் தேர்வோர் முதலில் காரின் எடை முன்னும் பின்னும் பகிர்ந்துள்ள விகிதத்தை அறிதல் வேண்டும். அடுத்து, உற்பத்தியாளர் விதித்த முன், பின் அகலங்களின் வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும். பின்புறத்தை அகலமாக்குவோர் முன்புறத்தையும் அதற்கேற்ப மாற்றுவது நன்று. ரிம்மின் அகலம், சக்கரத்தின் மொத்த விட்டம், விதிக்கப்பட்ட காற்றழுத்தம் ஆகியவற்றையும் சரிபார்த்தல் அவசியம்.

இவையனைத்தும் பொருந்தினும் ஓர் எச்சரிக்கை எஞ்சுகிறது. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால் சுமை முன்னோக்கிச் சாயும். பின் டயர்கள் தம் பிடிப்பில் ஒரு பகுதியை அக்கணமே இழக்கும். எவ்வளவு அகன்ற டயரும் இதனை முற்றும் தடுக்காது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துக்கொள்ளும் பழக்கம் எந்த டயருக்கும் இன்றியமையாததாகும்.