சூத்திரம் தெரிந்தும் புள்ளி ஏன் போகிறது?



"அண்ணே, ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனா புள்ளி மட்டும் வரல!" விடுமுறைக்கு ஈஜோக் வந்தால், படிவம் 5 பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் புலம்பல் இது. எஸ்.பி.எம். இயற்பியலுக்கு நானும் அப்படித்தான் படித்தேன். கேள்வியை முழுசாக வாசிக்காமல் எண்களைத் தூக்கிச் சூத்திரத்தில் போட்டுவிடுவேன்.

ஒரு கணக்கு பாருங்கள். செம்பனைத் தோட்டச் சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோட்டார் போகிறது. பிரேக் பிடித்ததும் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 5 மீட்டர் என்ற அளவில் குறைகிறது. எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

72-ஐ அப்படியே போட்டால் 518 மீட்டர் வரும். பிரேக் பிடித்த மோட்டார் அரை கிலோமீட்டர் தாண்டியா நிற்கும்? அங்கேயே சந்தேகம் வரவேண்டும். முதலில் அலகை மாற்றுங்கள்: 72 × 1000 ÷ 3600 = வினாடிக்கு 20 மீட்டர். பிறகு, வேகத்தின் வர்க்கம் = 2 × வேகக்குறைவு × தூரம். அதாவது 400 = 10 × தூரம். விடை 40 மீட்டர்.

வேகத்தைப் பாதியாக்கி 36-இல் போனால்? 10 மீட்டர்தான். வேகம் பாதி, தூரம் கால்வாசி! இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். இது சோதனைக்கு மட்டுமல்ல, தினமும் மோட்டாரில் போகும் நமக்கும் உயிர்ப் பாடம்.

அடுத்தது கட்டளைச் சொல். 'நியாத்தாக்கான்' என்றால் ஒரு வரி போதும். 'தெராங்கான்' என்றால் காரணமும் வேண்டும். "வேகம் குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கும்" என்பது பாதி விடைதான். ஆற்றலையும் பிரேக் விசை செய்யும் வேலையையும் இணைத்து எழுதினால்தான் முழுப்புள்ளி.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். தாள் 2-க்கு 100 புள்ளி, இரண்டரை மணி நேரம். ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

இன்றிரவே ஒரு பழைய கேள்வியை எடுங்கள். அலகு, படம், சூத்திரம், விடை. கடைசியில், 'இது நடக்கிற காரியமா?' என்று கேளுங்கள். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை வைத்துக் கும்பிடுகிறோம். மறுநாள் அதைத் திறந்து படிப்பதும் அந்த வழிபாட்டில் சேர்ந்ததுதான்.