ஒரு கிண்ணம் கறி

அடுக்குமாடி வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது. ஒரு வீட்டாருக்குப் பசியைத் தூண்டும் கறி மணம், பக்கத்து வீட்டாருக்குத் தாங்க முடியாத நெடியாகத் தோன்றலாம். இதில் யார் சொல்வது சரி?

சிங்கப்பூரில் இப்படி ஒரு பிணக்கு உண்மையிலேயே எழுந்தது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தினரால், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாசனையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தியக் குடும்பத்தினர் கதவையும் சன்னல்களையும் மூடிக்கொண்டு சமைத்தனர். அப்படியும் பிணக்கு தீரவில்லை. இறுதியில் அது சமூக சமரச நிலையத்துக்குச் சென்றது.

சட்ட அமைச்சின்கீழ் இயங்கும் இந்நிலையம் 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இங்கே சமரச நடுவர்களாகப் பணியாற்றுகின்றனர். பட்டிமன்ற நடுவர் இரு அணிகளின் வாதங்களையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்குவார். சமரச நடுவரோ தீர்ப்பு வழங்குவதில்லை. யார்மீது தவறு என்றும் சொல்வதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வார். கோபமான சொற்களுக்குப் பின்னால் உள்ள உண்மையான தேவையை வெளிக்கொணரக் கேள்விகள் கேட்பார். தீர்வைக் காண வேண்டியவர்கள் இரு தரப்பினரே.

அதற்கு இரு தரப்பினரும் பேசும் முறை மாற வேண்டும். பின்வரும் கூற்றுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

“உங்கள் வீட்டு நாற்றம் சகிக்கவில்லை!”

“நீங்கள் சமைக்கும்போது வாசனை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. பழக்கமில்லாததால் எனக்குச் சிரமமாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் காற்றோட்டம் தேவை. சமைக்கும் நேரத்தைப் பற்றி இருவரும் பேசலாமா?”

முதல் கூற்று குற்றம் சாட்டுகிறது. அதைக் கேட்பவர் பதிலுக்குச் சண்டையிடவே முனைவார். இரண்டாம் கூற்று நடந்ததைக் கூறுகிறது, உணர்வைச் சொல்கிறது, தேவையை விளக்குகிறது, வேண்டுகோளுடன் முடிகிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க், ‘வன்முறையற்ற தொடர்பாடல்’ என்னும் முறையில் இந்த நான்கு கூறுகளையும் வகுத்துக் காட்டினார். கறி சமைக்கும் குடும்பமும் இதே முறையில், “கறி எங்கள் அன்றாட உணவு. அதை வெறுக்கும்போது எங்களையே வெறுப்பதுபோல் வருந்துகிறோம்,” என்று சொல்லலாம்.

அந்த இரு குடும்பங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைக்க இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, தங்கள் கறியை அவர்கள் சுவைத்தாவது பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

சில ஆண்டுகள் கழித்து, 2011இல், இச்செய்தி நாளிதழில் வெளிவந்தபோது பலர் கொதித்தெழுந்தனர். “சொந்த வீட்டில் கறி சமைக்க நேரம் பார்க்க வேண்டுமா?” என்று கேட்டனர். ஆனால், அவர்கள் தேர்ந்தெடுத்த எதிர்ப்பு முறை அமைதியானது. 2011 ஆகஸ்டு 21ஆம் தேதி கறி சமைத்துப் பகிர்ந்துண்ணுமாறு ஃபேஸ்புக்கில் அழைப்பு விடுக்கப்பட்டது. 50,000க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆதரவு தெரிவித்தனர். தீர்வை நடுவர் திணிக்கவில்லை என்றும் இரு குடும்பங்களும் தாமாகவே அதற்கு இணங்கின என்றும் பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது.

இருப்பினும், மக்கள் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒரு தரப்பே பெரும்பாலும் விட்டுக்கொடுத்தால் அது சமரசமாகுமா? அதே வேளையில், அந்த மேசையில் அமராத நாம் அவர்களுக்காகத் தீர்ப்பு வழங்கலாமா?

அந்த உடன்பாட்டின் இரண்டாம் பகுதியை மீண்டும் படித்துப் பாருங்கள். நேரத்தை விட்டுக்கொடுத்த குடும்பம் பணமோ மன்னிப்போ கேட்டதாகச் செய்தி இல்லை. ‘எங்கள் கறியைச் சுவைத்துப் பாருங்கள்’ என்றுதான் கேட்டது. தம்மை அறிந்துகொள்ள வேண்டும் என்ற தேவை, அந்த ஒரு கிண்ணம் கறியில் இருந்தது.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. பட்டிமன்ற நடுவருக்கும் சமரச நடுவருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அந்த உடன்பாடு நியாயமானது என்று கருதுகிறீர்களா? காரணங்களுடன் விளக்குக.
3. அண்மையில் நீங்கள் கோபத்தில் கூறிய ஒரு கூற்றை, நான்கு கூறுகளும் அமையுமாறு மாற்றி எழுதுக.