ஸ்டியரிங் ஆட்டம்: நம்புவதும் நடப்பதும்

எங்கள் மினி டிராக்டரின் ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பினால்தான் முன்சக்கரம் அசையும். அப்படியே மூன்று போகம் ஓட்டினோம். "கை பழகிடும் தம்பி" என்றார் டிரைவர் அண்ணன். பழகியும் விட்டது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் கரையில் திரும்பும்போது ஒருநாள் டை ராடின் முனை கழன்றது. இடது சக்கரம் வயல் பக்கம் திரும்ப, வலது சக்கரம் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. முதல் கியரில் வந்ததால் அண்ணன் பிழைத்தார். அந்த மூன்று போகமும் எங்களை ஏமாற்றியது இரும்பு அல்ல, இரும்பைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் சில நம்பிக்கைகள்.

"ஸ்டியரிங் ஆடுதா? பாக்ஸ் போயிடுச்சு."

பட்டறையில் முதலில் கேட்கும் வார்த்தை இது. பாக்ஸ் தேயாது என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டியரிங் வீலுக்கும் டயருக்கும் நடுவே டிராப் ஆர்ம், டிராக் லிங்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை, கிங் பின் புஷ், ஹப் பேரிங் என்று எத்தனையோ இடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்ந்தாலே போதும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராப் ஆர்மின் நீளம் 15 செ.மீ., பாக்ஸின் விகிதம் 16-க்கு 1, ஸ்டியரிங் வீலின் குறுக்களவு 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். டிராக் லிங்க் முனையில் வெறும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால், வீலின் விளிம்பில் அது ஏறத்தாழ 2 செ.மீ. ஆகிவிடும். இரண்டு முனையும் அப்படித் தேய்ந்திருந்தால் 4 செ.மீ.

பாக்ஸின் மேல் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி ஆட்டத்தைக் குறைத்துத் தருபவர்கள் உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். முழுக்கத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் வீல் திரும்பி வராது. ஜாயிண்டில் இருந்த கோளாறோ அப்படியே இருக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு ஆள் போதும். வண்டி சமதரையில் நிற்கட்டும், முன்சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். சாதா ஸ்டியரிங் என்றால் இஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இரு பக்கமும் ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு ஜாயிண்டையும் உள்ளங்கையால் மூடிப் பிடிக்க வேண்டும். ராடு முதலில் நகர்ந்து, ஆர்ம் ஒரு கணம் பிந்தி நகர்ந்தால் கை சொல்லிவிடும். கண்ணைவிடக் கை இதில் நம்பகமானது.

பிறகு அச்சின் அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். முன்அச்சு நடு பின்னில் ஊசலாடும் என்பதால், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே மரக்கட்டை செருகிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஹப் மட்டும் ஆடினால் பேரிங். ஹப்போடு சேர்ந்து அச்சு முனையின் தண்டும் ஆடினால் கிங் பின் புஷ்.

"வீலில் ஆட்டமே இல்லை. கவலை எதற்கு?"

எங்களை மாதிரி டை ராடு கழன்று அடிபட்டவர்களுக்குத்தான் இதன் பொய் தெரியும். பழைய சாதா ஸ்டியரிங் வண்டிகள் பலவற்றில் டிராக் லிங்க் ஒரு சக்கரத்தைத்தான் திருப்பும். அடுத்த சக்கரத்தை இழுத்துப் போவது டை ராடு. டை ராடு முனை தேய்ந்தால் அந்த அடுத்த சக்கரம் தன்போக்கில் ஆடுமே தவிர, ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. பவர் ஸ்டியரிங்கில் இன்னும் மோசம். எண்ணெய் அழுத்தம்தான் சக்கரத்தைத் தள்ளுகிறது என்பதால் தேய்ந்த ஜாயிண்டின் அதிர்வு கைக்கு வந்து சேர்வதே குறைவு. டயரைப் பாருங்கள். ரப்பர் ஓரம் ஒரு பக்கமாகச் சீவினாற்போல் தேய்ந்திருந்தால், டயர் கம்பெனியைத் திட்டும் முன் டை ராடைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

"நாலு அடி கிரீஸ் அடித்தால் சரியாகிவிடும்."

கிரீஸ் அடித்ததும் ஆட்டம் குறைந்தது போலத்தான் இருக்கும். இடைவெளியைக் கிரீஸ் நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் உழவில் அது பிதுங்கி வெளியே போய்விடும். தேய்ந்த இரும்பு திரும்ப வளராது.

கிரீஸின் உண்மையான வேலை தேய்மானம் தொடங்குமுன் நடப்பது. சேடை ஓட்டும் நாட்களில் முன்அச்சு மணிக்கணக்கில் சேற்றில் மூழ்கிக் கிடக்கிறது. மாலையில் வண்டியைக் கழுவியதும், நிப்பிள் வாயைத் துடைத்துவிட்டு, உள்ளிருக்கும் பழைய கிரீஸ் சேறும் தண்ணீருமாக வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த ஓர் இரவு தண்ணீர் உள்ளேயே நின்று துருப்பிடிக்க வைக்கும்.

பல ஜாயிண்டுகளில் நிப்பிளே கிடையாது. அவை கம்பெனியிலேயே கிரீஸ் நிரப்பி மூடி வருபவை. அவற்றுக்கு உயிர் அந்தச் சின்ன ரப்பர் பூட்தான். அது கிழிந்த அன்றே சேறு உள்ளே போய், மணல் காகிதம் மாதிரி பந்தைத் தேய்க்கத் தொடங்கும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரைப் பூட்டுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள்.

"ஒரு பொட்டு வெல்டிங் வை, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

எங்கள் வண்டியில் கழன்ற முனையில் பழைய வெல்டிங் இருந்தது. வைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டது நாங்கள்தான். ஆனால் இதில் சமரசமே கூடாது. பந்தும் அதன் கிண்ணமும் சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, பக்கத்து இரும்பை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவருகிறது. கிரீஸ் கருகும், பூட் உருகும். வளைந்து எச்சரிக்கை கொடுக்க வேண்டிய இரும்பு சட்டென்று முறியும்.

"மெதுவாகப் போகிற வண்டிதானே?"

20 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். பின்னால் டிரெய்லர் தள்ளிக்கொண்டு வரும். வாய்க்கால் கரையின் அகலம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

"புது ஜாயிண்ட் மாட்டி நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது."

கழற்றுவதிலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். ஜாயிண்டின் தண்டு கூம்பாகக் குறுகி, ஆர்மின் துளையில் இறுகி நிற்கிறது. மரையின் தலையில் சம்மட்டியால் அடித்தால் மரை நசுங்குமே தவிர வெளியே வராது. புல்லர் போட வேண்டும். அது இல்லாவிட்டால், ஆர்மின் துளைப் பகுதிக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடுத்து, எதிர்ப்பக்கம் ஓங்கித் தட்ட வேண்டும்.

கழற்றும்போது ராடிலிருந்து எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி எழுதுங்கள். டை ராடின் ஒரு முனை பெரும்பாலும் இடது மரை, கடையில் வாங்கும்போதே அதைச் சொல்லிக் கேளுங்கள். புது தண்டைத் துளையில் வைத்ததும் ஆடாமல் கவ்வ வேண்டும். நட்டு மரையின் முடிவுவரை இறங்கியும் இறுகவில்லை என்றால் பாகம் வேறு அளவு, அல்லது துளையே பெருத்துவிட்டது. அப்போது ஆர்மையும் மாற்றுவதுதான் வழி. நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றினால், கீழிருந்து ஜாக்கியால் ஜாயிண்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டு இறுக்குங்கள்.

மாட்டிய பின் இரண்டு சக்கரங்களின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்று நெருங்கியிருக்க வேண்டும். சில கூபோட்டா மாடல்களுக்கு இந்த வித்தியாசம் 2 முதல் 8 மி.மீ. உங்கள் வண்டியின் அளவு அதன் கையேட்டில் இருக்கும். அளக்க ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். டயர்களின் பின்பக்கம், ஹப் உயரத்தில், நடுவில் கோடு போட்டு இடைவெளியை அளங்கள். கோடுகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளங்கள்.

அளவு சரியானதும் லாக் நட்டுகளை இறுக்கி, கடைசியாக ஸ்பிளிட் பின். நட்டின் பள்ளமும் தண்டின் துளையும் நேராக வராவிட்டால், நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் சேர்க்க வேண்டும். பின்னுக்கு ஒரு நூல் தளர்த்தினால் கூம்பு துளையில் ஆடத் தொடங்கிவிடும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், சில ரூபாய்க்குப் புதிது கிடைக்கும்.