ஒரு சோறு பதமா?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நாம் நன்கறிந்த பழமொழி. சிறு மாதிரி ஒன்றைக் கொண்டு முழுமையை அறியலாம் என்பதே இதன் கருத்து. புள்ளியியல் என்னும் துறை இக்கருத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால், இப்பழமொழிக்குள் சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு. பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பழைய அரிசியையும் புதிய அரிசியையும் கலந்து உலையில் இட்டால், எடுத்து நசுக்கிப் பார்த்த பருக்கை நம்மை ஏமாற்றிவிடும். புற்றுநோய்க் கட்டி அத்தகைய கலப்புப் பானையாகும்.

உடலில் கட்டி இருப்பது தெரிந்தால், மருத்துவர் ஊசியின் வழி சிறிதளவு திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். இதனைப் பயாப்சி என்பர். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கக்கூடும். ஊசியில் வருவதோ அதில் மிகச் சிறு பகுதியே. எந்த மருந்தைக் கொடுப்பது என்னும் முடிவு பெரும்பாலும் அந்தச் சிறு பகுதியைப் பார்த்தே எடுக்கப்படுகிறது.

கட்டிக்குள் கலப்பு எவ்வாறு ஏற்படுகிறது? இதற்குத் தெளிவான விளக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவல் 1976ஆம் ஆண்டு முன்வைத்தார். புற்றுநோய் ஓர் உயிரணுவில் தொடங்குகிறது. அது இரண்டாகி, நான்காகிப் பெருகும்போது ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அப்போது நேரும் எழுத்துப் பிழைகளே மரபணுப் பிறழ்வுகள். தொடக்கத்தில் நேர்ந்த பிறழ்வு எல்லா உயிரணுக்களுக்கும் சென்றுவிடும். பின்னர் நேர்ந்தது ஒரு பிரிவினருக்கு மட்டுமே செல்லும். ஆகவே, கட்டியை ஒரு மரமாகக் கற்பனை செய்யலாம். முன்னதைத் தண்டுப் பிறழ்வு என்றும் பின்னதைக் கிளைப் பிறழ்வு என்றும் அழைக்கலாம். தண்டைத் தாக்கும் மருந்து மரம் முழுவதையும் பாதிக்கும். ஒரு கிளையை மட்டும் தாக்கும் மருந்தோ மற்றக் கிளைகளை வளரவிட்டுவிடும். சிகிச்சைக்குப் பின் கட்டி சுருங்கி, சில காலம் கழித்து மீண்டும் தலைதூக்குவதற்கு இது முக்கியக் காரணமாகும்.

ஒரு பிறழ்வு தண்டிலுள்ளதா, கிளையிலுள்ளதா என்பதைக் கண்ணால் காண இயலாது. எண்ணித்தான் அறிய வேண்டும். பெரும்பாலான மரபணுக்களில் தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இரு படிகள் நம்மிடம் உள்ளன. பிறழ்வு பொதுவாக ஒரு படியில் மட்டுமே நேர்கிறது. எனவே, எல்லாப் புற்றுநோய் உயிரணுக்களிலும் ஒரு பிறழ்வு இருந்தால், கருவி அவ்விடத்தை 100 முறை படிக்கும்போது ஏறத்தாழ 50 முறை அது தென்பட வேண்டும். எடுத்த திசுவில் ஐந்தில் ஒரு பங்கு நல்ல உயிரணுக்கள் கலந்திருந்தால், எதிர்பார்க்கும் எண்ணிக்கை 40 ஆகக் குறையும். அந்நிலையில் 20 முறை மட்டுமே தென்பட்டால், அப்பிறழ்வு புற்றுநோய் உயிரணுக்களில் பாதியில்தான் இருக்கிறது என்று கணிக்கலாம்.

சரி, 50க்குப் பதிலாக 44 வந்தால் என்ன செய்வது? நாணயத்தை 100 முறை சுண்டினால் தலை சரியாக 50 முறை விழுவதில்லை. 40 முதல் 60 வரை எது வந்தாலும் வியப்பதற்கில்லை. ஆகவே, 44ஐக் கண்டதும் ‘இது கிளைப் பிறழ்வு’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கணிதப் பாடத்தில் நாணயம் சுண்டும் வினாக்களைச் சலிப்போடு செய்வோர், ஒரு நோயாளியின் மருந்து அதே கணக்கில் தங்கியிருப்பதை நினைத்துப் பார்க்கலாம். இன்னொரு கணக்கும் உண்டு. படிகளில் 10 விழுக்காட்டில் மட்டும் இருக்கும் பிறழ்வை, 10 முறை படித்தால் ஒரு தடவைகூடக் காணாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு. 50 முறை படித்தால் அவ்வாய்ப்பு அரை விழுக்காடாகக் குறைந்துவிடும்.

எனினும், எத்தனை முறை படித்தாலும் ஊசி குத்தாத இடத்திலுள்ள கிளை அகப்படாது. இலண்டனில் சார்ல்ஸ் சுவாண்டன் குழுவினர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சிறுநீரகப் புற்றுநோய் கண்ட நால்வரின் கட்டிகளில் பல இடங்களிலிருந்து திசுக்களை எடுத்து அவர்கள் ஒப்பிட்டனர். கண்டறியப்பட்ட பிறழ்வுகளுள் 63 முதல் 69 விழுக்காடு, ஆய்ந்த எல்லா இடங்களிலும் காணப்படவில்லை. ஓரிடத்துப் பருக்கை மற்றோரிடத்திற்குப் பதம் சொல்லவில்லை.

மார்பகப் புற்றுநோயில் இச்சிக்கல் அன்றாடம் எழுகிறது. ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்துள்ள கட்டிகளுக்கென டிரஸ்டூசுமாப் போன்ற தனி மருந்துகள் உள்ளன. புற்றுநோய் உயிரணுக்களில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றின் சவ்வு முழுவதும் அடர்த்தியாக நிறமேறினால், அக்கட்டியில் ஹெர்-2 மிகுந்திருப்பதாகக் கொள்வர். இந்த எல்லைக்கோடு இயற்கை வகுத்ததன்று. மருத்துவர்கள் கூடி முடிவு செய்தது.

நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அதைப் பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்று நமக்கு அருகிலேயே நடைபெற்றது. பூச்சோங்கிலிருந்து எல்.ஆர்.டி. ஏறி, புத்ரா ஹைட்ஸ் நிலையத்தில் தடம் மாறினால் சுபாங் ஜெயாவை அடையலாம். அங்குதான் கேன்சர் ரிசர்ச் மலேசியா ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. பேராசிரியர் தியோ சூ ஹுவாங்கும் அவர்தம் குழுவினரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து, மலேசியப் பெண்களின் 560 மார்பகக் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்தனர். முடிவுகள் 2020ஆம் ஆண்டு ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தன.

அதுவரை உலகம் பயன்படுத்திய பெரிய தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களே பெரும்பான்மையினர். ஊசி ஒரு கட்டியின் ஒரு மூலையை மட்டும் தொடுவது போல, ஆய்வும் உலகின் ஒரு மூலையை மட்டும் தொட்டிருந்தது. சுபாங் ஜெயா ஆய்வில், ஹெர்-2 வகைக் கட்டிகள் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களைவிட மலேசியப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட கட்டிகளில், டி.பி.53 என்னும் காவல் மரபணுவில் பிறழ்வும் மிகுந்திருந்தது. அத்தகைய பிறழ்வு உள்ளவர்கள் பிழைத்திருக்கும் காலம் குறைவாக இருந்தது. நோய் எதிர்ப்பு உயிரணுக்களின் செயற்பாடும் கூடுதலாகத் தென்பட்டது. இவை யாவும் சராசரிகள். தனியொரு பெண்ணின் கட்டியில் என்ன இருக்கிறது என்பதை அவருடைய திசுவைச் சோதித்தே சொல்ல முடியும்.

இந்த 560 பேரிலும் சீனப் பெண்களே மிகுதி. மலாய், இந்தியப் பெண்களின் எண்ணிக்கை குறைவு. எண்ணிக்கை குறையும்போது கணிப்பின் பிழை எல்லை விரியும். நாணயத்தை 100 முறை சுண்டுவதற்கும் 10 முறை சுண்டுவதற்கும் உள்ள வேறுபாடே இது. இந்தியப் பெண்களைப் பற்றி இதே உறுதியோடு பேச வேண்டுமானால், இத்தகைய ஆய்வுகளில் நம் தாய்மார்களும் சகோதரிகளும் இன்னும் கூடுதலாக இடம்பெற வேண்டியிருக்கிறது.