கூட்டம் வந்தால் தானாகப் பெருகும் சர்வர்கள்

போன மாதம் பெருந்துறையில் இருந்து என் சித்தப்பா போன் செய்தார். தங்கைக்காகப் புதிய கம்ப்யூட்டர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று காலை 10 மணிக்கு அவளுடைய செமஸ்டர் ரிசல்ட். கல்லூரியின் தளம் திறக்கவே இல்லை. வெள்ளைத் திரையில் சக்கரம் மட்டும் சுற்றிக் கொண்டிருந்தது. "ஏஞ்சாமி, புதுசா வாங்குன பொட்டியே ஓட மாட்டேங்குது. கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்தறலாமா?" என்றார். பின்னால் தங்கை அழுவது கேட்டது.

"அவசரப்படாதீங்க சித்தப்பா, வேற ஏதாச்சும் ஒரு தளத்தைத் திறந்து பாருங்க" என்றேன். யூடியூப் உடனே திறந்தது. ஆக, கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை, இன்டர்நெட் இணைப்பிலும் கோளாறு இல்லை. தடை இருந்தது மறுமுனையில் உள்ள சர்வரில்.

சர்வர் என்பது வேறொன்றுமில்லை. உங்கள் மேஜையில் இருப்பதைப் போன்ற ஒரு கம்ப்யூட்டர்தான். கேட்டவர்களுக்கெல்லாம் பக்கங்களை அனுப்புவது அதன் வேலை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற பகுதியில் சிபியு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தெரியும். இப்போது பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப்களில் வீடியோக்களைத் திறந்து விடுங்கள். கோடு மேலே ஏறும். 100 சதவீதத்தை நெருங்கும்போது மவுஸ் நகர்வதுகூடத் தயங்கும். பல ஆயிரம் மாணவர்கள் ஒரே நிமிடத்தில் ரிசல்ட் கேட்கும்போது கல்லூரி சர்வருக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

அப்படியானால் பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன? கூட்டம் சேரச் சேர சர்வர்களின் எண்ணிக்கையைத் தானாகவே கூட்டிக் கொள்கின்றன. கூட்டம் கலைந்ததும் குறைத்து விடுகின்றன. இதற்குத்தான் ஆட்டோ ஸ்கேலிங் என்று பெயர்.

இது சாத்தியமானது சர்வர்களை வாடகைக்கு விடும் கிளவுட் சேவையால். மேகம் என்று பெயர் இருந்தாலும் எல்லாம் தரையில் உள்ள கட்டடங்களில்தான் இருக்கின்றன. அமேசான் நிறுவனம் 2006-ல் சர்வர்களை வாடகைக்கு விடத் தொடங்கியது. 2009 மே மாதத்தில் ஆட்டோ ஸ்கேலிங் வசதியைச் சேர்த்தது. 2016-ல் மும்பையிலும் தன் மையத்தைத் திறந்தது. எனவே திருப்பூர் பனியன் கம்பெனியின் இணையக் கடை மும்பையில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக் கொண்டிருக்கலாம். 2017 அக்டோபரில் இருந்து லினக்ஸ் சர்வர்களுக்கு வாடகை நொடிக் கணக்கில், குறைந்தது ஒரு நிமிடத்துக்கு என்று கணக்கிடப்படுகிறது.

இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக் கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் மதுரைக்குக் குறிப்பிட்ட பஸ்கள் ஓடும். ஒரு ஞாயிறு இரவு திடீரெனக் கூட்டம் நிரம்பி வழிந்தால் டைம் கீப்பர் டெப்போவுக்குச் சொல்லி உபரி பஸ் வரவழைப்பார். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று பயணிகளைப் பிரித்தும் அனுப்புவார். கிளவுடில் இப்படிப் பிரித்து அனுப்பும் வேலையை லோடு பேலன்சர் செய்கிறது. கூட்டத்தை அளப்பதற்கு நீங்கள் டாஸ்க் மேனேஜரில் பார்த்த அதே சிபியு சதவீதம்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. நிறுவனம் மூன்று எண்களைக் கொடுத்து வைக்கும். குறைந்தபட்சம் எத்தனை சர்வர், இப்போது எத்தனை, அதிகபட்சம் எத்தனை. கூடவே, 'சராசரி சிபியு 60 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றைச் சேர்' என்பது போல ஒரு விதியும் இருக்கும். அதிகபட்ச எண்ணைக் கவனமாகப் போட வேண்டும். போடுகிற எண் மிகப் பெரிதாகி, யாரோ விஷமத்துக்காகப் போலிக் கூட்டத்தை அனுப்பினால், அதற்கும் சேர்த்து வாடகை கட்ட வேண்டியிருக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், குழந்தைகள் உடை தயாரிக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு இணையக் கடை அமைத்துக் கொடுத்திருந்தோம். வழக்கமாக இரண்டு சர்வர்கள் போதும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இரவு 8 மணிக்குத் தள்ளுபடி என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே நேரத்தில் எஸ்எம்எஸ் போனது. அதிகபட்சம் 10 என்று நான் போட்டு வைத்திருந்ததால் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். சர்வர்கள் மூன்றாகி, ஐந்தாகி, ஏழு வரை ஏறின. 8.20-க்குக் கடை உரிமையாளர் போன் செய்தார். "ஏனுங் தம்பி, பணம் போயிருச்சு, ஆர்டர் வரலைன்னு ஆளாளுக்குக் கூப்புடறாங்க!"

நடந்தது இதுதான். சர்வர்கள் எத்தனை இருந்தாலும், சரக்கு இருப்பும் ஆர்டர்களும் பதிவாகிற டேட்டாபேஸ் ஒன்றுதான். பத்து பஸ் வந்து நின்றாலும் டிக்கெட் கவுண்டர் ஒன்றே ஒன்று என்பது மாதிரி. நாங்கள் வைத்திருந்தது மைஎஸ்க்யூஎல். நாமாக மாற்றாவிட்டால் அது ஒரே சமயத்தில் 151 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். எங்கள் சர்வர் ஒவ்வொன்றும் 20 இணைப்புகளைப் பிடித்து வைத்துக் கொள்ளும். ஏழு சர்வர்களுக்கு 140. எட்டாவது வந்ததும் 160 தேவைப்பட்டது. 'இணைப்புகள் அதிகமாகி விட்டன' என்று டேட்டாபேஸ் மறுத்தது. எட்டாவது சர்வர் பழுது என்று நினைத்து ஆட்டோ ஸ்கேலிங் அதை அணைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பியது. அதுவும் அதே சுவரில் முட்டியது. இதற்கு நடுவில் சிக்கிய ஆர்டர்கள்தான் பணம் போய்ப் பதிவாகாமல் நின்றவை. கோளாறு கிளவுடில் இல்லை. கணக்குப் போடாமல் 10 என்று எழுதிய என்னிடம்தான் இருந்தது. ஒரு சர்வருக்கு 10 இணைப்பு என்று குறைத்துச் சரி செய்ய 25 நிமிடம் ஆனது. அந்த 25 நிமிட வியாபாரம் போனது போனதுதான். நின்ற பணத்தை ஒவ்வொருவருக்காகத் திருப்பி அனுப்ப அடுத்த நாள் முழுக்கப் போனது.

இன்னொரு விஷயமும் அன்று புரிந்தது. தானியங்கி என்றாலும் அது உடனே நடப்பதில்லை. அமேசானின் அடிப்படைக் கண்காணிப்பு 5 நிமிடங்களுக்கு ஒரு முறைதான் அளவெடுக்கும். கூடுதல் கட்டணம் கட்டினால் நிமிடத்துக்கு ஒரு முறை. பிறகு புது சர்வர் எழுந்து, உங்கள் புரோகிராமை ஏற்றி, தயார் என்று சொல்ல வேண்டும். டெப்போவில் இருந்து பஸ் வரும் நேரம் மாதிரிதான். எஸ்எம்எஸ் பார்த்தவர்கள் அதுவரை காத்திருப்பார்களா?

இந்த விஷயத்தில் நம் நாட்டின் பெரிய பாடம் கிரிக்கெட்டில் கிடைத்தது. 2019 ஜூலையில் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் நியூசிலாந்தும் மோதின. மழையால் ஆட்டம் இரண்டாம் நாளுக்குப் போனது நினைவிருக்கும். அன்று ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் பார்த்தார்கள். அமேசான் கிளவுடில் ஓடினாலும், அமேசானின் ஆட்டோ ஸ்கேலிங்கை அவர்கள் அந்த நேரலைக்கு நம்பவில்லை. காரணம், நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் வரை உள்ளே வரும்போது, சிபியு ஏறுவதைப் பார்த்த பிறகு சர்வரை எழுப்பினால் காலம் கடந்துவிடும். எனவே எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்று எண்ணி, படிப்படியாக முன்கூட்டியே சர்வர்களைச் சேர்க்கும் கருவியைத் தாங்களே எழுதிக் கொண்டார்கள். ஆட்டத்துக்கு முன்பே உபரி சர்வர்கள் தயாராக நின்றன. அதற்கும் முன்னால், 3,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து, அவற்றைப் போலிப் பார்வையாளர்களாக மாற்றித் தங்கள் தளத்தையே தாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. கூட்டம் குறைந்தால் சர்வரை அணைக்கலாம் என்றுதானே நினைப்போம்? ஆனால் வெளியேறும் ஒவ்வொருவரும் பேக் பட்டனை அழுத்துவார்கள். உடனே முகப்புப் பக்கம் திறக்கும். லட்சக்கணக்கானவர்கள் ஒன்றாக அதைக் கேட்டால், வீடியோ பகுதி காலியாகும் அதே நொடியில் முகப்புப் பகுதி மூச்சுத் திணறும். அதற்கும் அவர்கள் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்த எண்ணிக்கை 5 கோடியே 90 லட்சத்தைத் தொட்டது. அந்தச் சேவை 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆனது.

சின்ன வியாபாரிக்கு இதில் எடுத்துக் கொள்ள வேண்டியது இருக்கிறது. தீபாவளிக்குக் கூட்டம் வரும் என்று போக்குவரத்துக் கழகத்துக்கு முன்பே தெரியும். அதனால்தான் சிறப்பு பஸ்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. கிளவுடிலும் 'இந்தத் தேதி, இந்த நேரத்தில் இத்தனை சர்வர்' என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி உண்டு. அடுத்த தீபாவளிக்கு நாங்கள் 7.30 மணிக்கே ஆறு சர்வர்களை நிறுத்தினோம். டேட்டாபேஸைப் பெரிதாக்கினோம். எஸ்எம்எஸ்ஸை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் பகுதி பகுதியாக, பத்து நிமிட இடைவெளியில் அனுப்பினோம். உண்மையில் மூன்றாவதுதான் அதிகம் உதவியது. அதற்கு ஒரு பைசா செலவில்லை.

செலவையும் பார்த்து விடுவோம். ஏழு சர்வர்களை மாதம் முழுக்க ஓட்டினால் 7 x 24 x 30, அதாவது 5,040 மணி நேர வாடகை. இரண்டை மாதம் முழுக்கவும், ஐந்தை நான்கு மணி நேரம் மட்டும் கூடுதலாகவும் ஓட்டினால் 1,460 மணி நேரம்தான். ஆட்டோ ஸ்கேலிங்கில் நிறுவனங்களுக்கு லாபம் தருவது சர்வர்கள் பெருகுவதைவிட, வேலை முடிந்ததும் குறைவதுதான். அணைக்க மறந்த சர்வர்களுக்கு வாடகை கட்டுகிறவர்கள் ஏராளம். மைக்ரோசாப்டின் அஷ்யூர் கிளவுடில் இப்படி வீணாகும் செலவைக் கண்டுபிடிக்க உதவும் டர்போ360 என்ற சாப்ட்வேர், நம் ஊரிலேயே இயங்கும் கோவை.கோ நிறுவனத்துடையது.

சரி, வீட்டில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்ன செய்வது? ஒரு தளம் திறக்கவில்லை என்றால் முதலில் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவையும் திறக்காவிட்டால் உங்கள் மோடம் அல்லது இணைப்பைக் கவனியுங்கள். அவை திறந்து, இந்தத் தளம் மட்டும் 502, 503, 504 என்ற எண்களில் ஒன்றைக் காட்டினால் கோளாறு மறுமுனையில். அப்போது எப்5 கீயைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டலும் புதிய கோரிக்கையாகப் போய்ச் சேரும். திணறும் சர்வருக்கு ஒருவர் பத்துப் பேராகத் தெரிவார். பணம் செலுத்தும் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது, இரண்டு முறை பணம் போகும் வாய்ப்பு உண்டு. ஐந்து நிமிடம் விட்டு, ஆர்டர் பதிவாகியிருக்கிறதா, வங்கியில் இருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுபடி முயலுங்கள்.

சித்தப்பா வீட்டில் அன்று தங்கை எப்5-ஐ எத்தனை முறை தட்டினாள் என்று நான் கேட்கவில்லை. 10.40-க்குப் பக்கம் திறந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள்.