கிட்டார் பழகுவோம்: முதல் பாடம்

கிட்டார் பழகவேணும் என்று ஆசைப்படும் தம்பி, தங்கச்சிமார் நம் லயங்களில் இருக்கிறார்கள். சிலர் இரண்டு வாரத்திலேயே "எனக்கு இது வராது" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீங்க. குறை உங்களிடம் இல்லை. சுருதி சேராததும் விரல் வலியும்தான் காரணம்.

சுருதி: கிட்டாருக்கு 6 கம்பிகள். மெல்லியது 1, தடித்தது 6. கழுத்தில் உலோகக் கோடுகளுக்கு நடுவில் உள்ள இடம் கட்டம். தலைப்பக்கம் இருந்து எண்ணுங்கள். 6ஆம் கம்பியை 5ஆம் கட்டத்தில் அழுத்தி மீட்டும் ஓசையும், 5ஆம் கம்பியை அழுத்தாமல் மீட்டும் ஓசையும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் 5ஆம் கம்பியின் ஆணியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். 5ஐ வைத்து 4, 4ஐ வைத்து 3, 2ஐ வைத்து 1 என்று இதே மாதிரிதான். 3ஐ வைத்து 2ஐச் சேர்க்கும்போது மட்டும் 4ஆம் கட்டம்.

முதல் கோட், ஈ மைனர்: இடது கை நடுவிரலை 5ஆம் கம்பியிலும், மோதிர விரலை 4ஆம் கம்பியிலும் 2ஆம் கட்டத்தில் வையுங்கள். விரல் நுனியால் அழுத்தி, கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். ஒன்று மங்கலாகக் கேட்டால், பக்கத்து விரல் அதில் படுகிறதா என்று பாருங்கள்.

விரல் வலிக்கத்தான் செய்யும். புதுசா கொழுந்தெடுக்கப் போன கையும் நொந்ததுதானே? சில வாரத்தில் தோல் தடித்துவிடும். ஒரே நாளில் 2 மணி நேரம் வேண்டாம்; தினமும் 15 நிமிஷம் போதும்.

கிட்டாரை அடுப்பருகிலும் ஈரச் சுவரிலும் வைக்காதீங்க. மரம் வளையும், கம்பி துருப்பிடிக்கும்.